மூன்று நிறை, பதினான்கு குறை

என் கடை ஜெராக்ஸ் மெஷினில் வைக்கிற எந்தக் காகிதத்தையும் படிக்காமல் நான் மூடியைக் கவிழ்த்ததில்லை. கெட்ட பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். யார் வீட்டில் விவாகரத்து, யார் பிள்ளை எத்தனை பாடத்தில் கோட்டை விட்டது எல்லாம் எனக்கு அத்துப்படி. வெளியே மட்டும் ஒரு வார்த்தை போகாது. அன்றைக்குப் பக்கத்துக் கடை அண்ணன் நீட்டிய காகிதத்தையும் அப்படித்தான் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர்: நிறைகளும் குறைகளும்’ என்று இருந்தது. நிறைகள் மூன்று. குறைகள் பதினான்கு.

“என்னண்ணே, தராசு ஒரேயடியா இந்தப் பக்கம் சாஞ்சு கிடக்கு?”

“உள்ளதைத்தானே எழுதியிருக்கேன். ஒரு காப்பி போடும்மா,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவில் அவரை அண்ணன் என்று கூப்பிடுவது நான் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் அவர் திருப்புளி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் சின்னத் திருப்புளி ஒன்று வைத்திருப்பார். மகள் கல்யாணத்துக்குக்கூட அதைப் பையிலிருந்து எடுத்து வைக்க மறந்துபோனார். கல்யாண ஆல்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படத்தில் எல்லாம் இவர் பையிலிருந்து திருப்புளி எட்டிப் பார்க்கிறது. படத்தில் அந்தத் திருப்புளியை என்னிடம் காட்டி, “பாரும்மா, மாப்பிள்ளையைவிட இவர்தான் விறைப்பா நிக்கிறாரு,” என்று சிரித்தார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவர் தொழில். இருபத்திரண்டு வயதில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பாகம் பாகமாக வாங்கிப் பெட்டிக்குள் பூட்டிக் கொடுக்கிற வேலை செய்தவர். அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கும். அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்களாம். இவர் போனால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் சுற்றி நிற்பார்களாம். “டாக்டர் வந்த மாதிரிம்மா. ஒரு வீட்டுல ‘வைரஸ் வந்திருக்கு’ன்னு சொல்லி வாய மூடல, கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிட்டாங்க!” இதை என்னிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். நாற்பது தடவையும் அவரே முதலில் சிரிப்பார்.

அப்புறம் கம்பெனியை மூடினார்கள். சொந்தமாக ஒரு கடை போட்டார், என் கடையை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் ஆடும். கடை வைத்த நேரமோ என்னவோ, ஊரெல்லாம் லேப்டாப்புக்கும் போனுக்கும் மாறியது. பெட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் வெகு தூரத்தில் ஒரு ஊரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “நான் நல்லா இருக்கேன். நீ வேலையைப் பாருடா கண்ணு.” தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டால் அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தைத் தாண்டாது.

போன வருஷம் கணக்குப் பார்த்தால் அவரிடம் மிஞ்சியது நாலு கடைகளின் பில் மெஷினும் ஒரே ஒரு வீடும்தான். அந்த வீடு மொழிபெயர்ப்பு மேடத்தின் வீடு.

மேடம் வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முத்திரை போட்டுக் கொடுப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். என் கடைக்கு வாரத்துக்கு மூன்று தடவை வருவார். பேச்சில் அளவு, நடையில் வேகம், கையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம்.

அவருடைய பழைய பெட்டிக் கம்ப்யூட்டர் இருபது நாளைக்கு ஒரு தடவை படுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் மூன்று தடவை கீச் கீச் என்று கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும். போன் வரும். அன்றைக்கு அண்ணனைப் பார்க்க வேண்டுமே! முகச்சவரம் என்ன, இஸ்திரி போட்ட சட்டை என்ன, கடை ஷட்டரை இறக்குகிற வேகம் என்ன! போனால் ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்ததும் தட்டிக்கு மேலே தலையை நீட்டிக் கதை ஆரம்பிக்கும். மேடம் டீ போட்டுக் கொடுத்தார். மேடம் இவர் மகளைப் பற்றி விசாரித்தார். ஒரு கப்பல்காரருடைய மூன்று பத்திரத்தில் அவருக்கு மூன்று பெயர் இருந்ததாம், எதை எழுதுவது என்று மேடம் இவரிடமே யோசனை கேட்டாராம்.

“பாவம்மா, அவங்களுக்குப் பேச ஆளே இல்ல. நான் போனா நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருப்பாங்க. வேலை முடிஞ்சாலும் சட்டுனு எந்திரிச்சு வர மனசு வராது,” என்பார்.

நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த நிறை குறைப் பட்டியலுக்கு ஒரு வாரம் முன்னால் மேடம் என் கடையில் நின்று நகல் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. என்ன மேடம் என்று கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டார்.

“ஒரு பொண்ணு, அக்கா. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகணும். பேப்பர் எல்லாம் என்கிட்ட. அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலைல மெஷின் செத்துப்போச்சு. சார் வந்து சரி பண்ணிட்டாரு, ஆனா மதியம் ஆயிடுச்சு. அந்தப் பக்கம் ஆபீஸ் மூடிட்டாங்க. அந்தப் பொண்ணு போன்ல அழுதுச்சு பாருங்க… என்னால தாங்க முடியல. இதோட மூணு பேருக்கு இப்படி ஆயிடுச்சு. ஒரு பெரிய ஆபீஸ் எனக்கு வேலை கொடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. பெட்டி தனியா இல்லாம திரைக்குள்ளயே எல்லாம் இருக்குமாமே, அந்த ஆல் இன் ஒன் வாங்கலாமான்னு பாக்கறேன். சார்கிட்ட நிறை குறை எழுதித் தரச் சொல்லியிருக்கேன். அவர் சொன்னா சரியா இருக்கும்.”

இப்போது அந்தப் பட்டியல் என் கையில் இருந்தது. நான் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு குறையாகச் சத்தமாகப் படித்தேன். இரண்டு கடைக்கும் முன்னால் நடைபாதையில் நின்றுகொண்டு அவர் நெளிந்தார்.

“முதல் குறை. திரை போனால் மொத்தமும் போச்சு. சரி, நியாயம். ரெண்டு. பின்னால வேகம் கூட்டணும்னா முடியாது. இதுவும் சரி. மூணு. சூடாகும். நாலு, வெயில் காலத்தில் இன்னும் சூடாகும். அண்ணே, இது ரெண்டும் ஒண்ணுதானே?”

“வெயில் காலம் தனிம்மா.”

“ஏழாவது என்ன? ‘பார்ப்பதற்கு டிவி போல இருப்பதால் வேலை செய்கிற எண்ணம் வராது.’ அடப்பாவமே! இதைப் படிச்சிட்டுச் சிரிப்பாங்களா மாட்டாங்களா?”

“சில பேருக்கு அப்படி இருக்கும்,” என்று சப்பைக்கட்டு கட்டினார்.

பதினான்காவது குறைக்கு வந்தேன். அதன் கீழே மட்டும் இரண்டு கோடு. ‘பழுதானால் வீட்டுக்கு ஆள் வந்து சரி செய்ய முடியாது. கம்பெனிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.’

அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு காப்பி எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் புத்தி?

“இது யாருக்குக் குறை? அவங்களுக்கா, உங்களுக்கா?”

சட்டைப் பையில் இருந்த திருப்புளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சரி, இன்னொண்ணு கேக்கறேன். முப்பத்தஞ்சு வருஷம் இதே வேலை. அது எப்படி அந்த ஒரு பெட்டி மட்டும் தேதி வச்ச மாதிரி இருபது நாளைக்கு ஒரு தடவை கெட்டுப்போகுது?”

“உள்ள ராம்னு ஒரு பட்டை இருக்கும்மா. அதோட முனையில ஈரப்பதம் படிஞ்சா மெஷின் ஏறாது. கழட்டி, அழி ரப்பரால துடைச்சு மாட்டினா சரியாயிடும்.”

“ஈரம் எங்கேருந்து வருது?”

“பெட்டி இருக்கிறது குளியலறைக் கதவுக்குப் பக்கத்துல.”

“தள்ளி வச்சா?”

“வராது.”

“சொன்னீங்களா?”

தெருவில் ஒரு தண்ணி லாரி போனது. அது போனதும் அவர் குனிந்தபடியே சொன்னார்.

“முதல் தடவையே தெரிஞ்சிடுச்சும்மா. சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள டீ கொண்டு வந்துட்டாங்க. அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். அடுத்த தடவையும்…” நிறுத்தினார். “நாலு வருஷம் ஆயிடுச்சு.”

எனக்கு வந்ததே கோபம்! மண்டைக்கு ஏறிவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசினேன். நர்ஸ் வேலைக்குப் போக இருந்த அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். மூன்று பேர் என்று சொன்னேன். பெரிய ஆபீஸ் கைவிட்டதைச் சொன்னேன். “உங்களுக்கு டீ குடிக்க ஒரு வீடு வேணும்னு அந்தப் பொம்பள பொழப்புல மண்ணப் போட்டிருக்கீங்களே, இதெல்லாம் ஒரு தொழிலா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கேட்டது தப்பில்லை. கேட்ட விதம் தப்பு.

அவருக்கு முகம் செத்துப்போனது. “மூணு பேரா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா. நான் போனா சிரிச்சுத்தான் பேசுவாங்க,” என்றார்.

“மரியாதை தெரிஞ்சவங்க, அதான் சிரிக்கறாங்க. மணிக்கணக்கா மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட வேற என்ன செய்வாங்க? அழுவாங்களா?”

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் கடைக்குள் போனார். மத்தியானம் முழுக்கத் தட்டிக்கு அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தமும் காகிதம் கிழிகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு வந்தார். புதுக் காகிதத்தை மெஷின் கண்ணாடி மேல் அவரே வைத்தார். படி என்று வைத்ததாகத்தான் எனக்குப் பட்டது.

இந்தத் தடவை பூசி மெழுகல் எதுவும் இல்லை. நிறைகள்: திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிவிடுவதால் மேஜையில் பாதி இடம் மிச்சமாகும், காகிதம் பரப்பி வேலை செய்கிறவருக்கு அது பெரிய விஷயம். ஒயர் ஒன்றே ஒன்றுதான். சத்தம் இல்லை. கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கும். தரையில் பெட்டி இல்லாததால் ஈரமும் தூசியும் அவ்வளவாக அண்டாது. குறைகள்: ஒரு பாகம் போனாலும் மொத்தத்தையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதனால் எழுதியதை எல்லாம் தினமும் இன்னொரு இடத்தில் சேமிக்க வேண்டும். பிற்பாடு வேகம் கூட்டுவது கஷ்டம், ஆகையால் வாங்கும்போதே கூடுதலாகப் பார்த்து வாங்கவும். திரையை உயர்த்தித் தாழ்த்த முடியாது, கழுத்து வலிக்கும், கீழே இரண்டு தடிப் புத்தகம் வைத்துக்கொள்ளவும். எழுத்து வேலைக்கு இந்தக் குறைகள் பெரிதாக இடிக்காது. தாராளமாக வாங்கலாம்.

கடைசியில் ஒரு வரி இடம் விட்டு எழுதியிருந்தார். ‘இப்போது உள்ள கம்ப்யூட்டரிலும் பழுது எதுவும் இல்லை. குளியலறைப் பக்கமிருந்து தள்ளி மேஜை மேல் வைத்தால் நின்றுபோகாது. இது எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லாதது என் தப்பு. மன்னிக்கவும்.’

“இதை எழுதித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன். கோபம் எனக்கு அதற்குள் பாதி வடிந்திருந்தது.

“எழுதலைன்னா மத்ததும் பொய்தானேம்மா.”

சட்டை மாற்றவில்லை, முகம் கழுவவில்லை. அப்படியே போனார். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார். அந்த வீட்டிலிருந்து அவர் அவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“என்ன சொன்னாங்க?”

“நின்னுக்கிட்டே படிச்சாங்க. ‘நாலு வருஷமா தெரியுமா சார்?’னு கேட்டாங்க. தெரியும் மேடம்னேன். காகிதத்தை மடிச்சு வச்சுக்கிட்டாங்க. ‘சரி சார், நான் பாத்துக்கறேன்’னு சொன்னாங்க.”

“திட்டினாங்களா?”

“திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். மேடம் அந்த மாதமே ஆல் இன் ஒன் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது. மாடியில் அட்டைப்பெட்டி ஏறுவதைப் பார்த்ததாக இஸ்திரிக்காரர் சொன்னார். கம்பெனி ஆள் வந்து கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

அண்ணன் காலையில் வருவார், கடையைத் துடைப்பார், உட்காருவார். பில் மெஷின்களுக்கு எப்போதாவது அழைப்பு வரும். மற்ற நேரமெல்லாம் போனை எதிரில் வைத்துக்கொண்டு இருப்பார். ஒரு நாள் என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொன்னார், மணி அடிக்கிறதா என்று. அடித்தது. “நல்லாத்தான் இருக்கு,” என்று எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு நிமிஷமாகக் குறைந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீட்டுக் கதையை அவர் அப்புறம் சொல்லவே இல்லை. ஒரு தடவை நானே எடுத்துக் கொடுத்தேன். “ஆமாம்மா, அதெல்லாம் அந்தக் காலம்,” என்று முடித்துவிட்டார்.

நாலு மாதம் போனது. அதுவரை இந்தப் பக்கமே வராதிருந்த மேடம் ஒரு நாள் கடைக்கு வந்தார். தெளிந்த முகம். வேலை கொடுப்பதை நிறுத்திய அந்தப் பெரிய ஆபீஸ் திரும்பி வந்துவிட்டது என்றார். மனுஷி அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “சார் எழுதிக் கொடுத்தபடியே பாத்து வாங்கினேங்க்கா. ரெண்டு புத்தகம்கூட வச்சிருக்கேன் கீழே,” என்று சிரித்தார்.

“எப்படி இருக்கு மெஷின்?”

“அருமையா இருக்கு. நாலு மாசமாச்சு, ஒரு ஆள் வீட்டுக்கு வரல. அதுதாங்க்கா இதுல பெரிய நிறை. முன்னெல்லாம் யாராவது வந்தா பாதி நாள் போயிடும். வந்தவங்களைப் போங்கன்னு சொல்லவும் முடியாது, டீ போட்டுக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து… இப்ப நிம்மதி.”

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. உள்ளே ஆள் இருப்பது மேடத்துக்குத் தெரியாது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நான் வைத்த காகிதம் கோணலாக விழுந்து, மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மேடம் போன பிறகு நான் ரொம்ப நேரம் அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷமாகப் பக்கத்துக் கடை. அவர் வந்து நிற்பதெல்லாம் நடைபாதையில்தான், தலையை நீட்டுவதெல்லாம் தட்டிக்கு மேலேதான். மெஷின் நின்றால் கூப்பிடுவேன், வருவார், சரி செய்வார், போய்விடுவார். தொழில் தர்மம் பேசி அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே வீட்டையும் பிடுங்கியவள் நான். நியாயம் என் பக்கம்தான். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னேன். என் நாற்காலியை நகர்த்தி, காகிதக் கட்டுகளை இறக்கி, பெஞ்சில் இடம் பண்ணினேன். “அண்ணே! கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா?” என்று கூப்பிட்டேன்.

ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. கையில் கருவிப் பையோடு வந்தார். முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. நான் காட்டிய பெஞ்சைப் பார்க்கவில்லை. டீயைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார், அது ஓடியது. பிரிண்டரைப் பார்த்தார், அதுவும் ஓடியது. பையைத் தோளில் மாட்டியபடியே என் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் ஓடுதேம்மா. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?”